செவியில் ஏறாத குரல்

செவ்வந்தியின் கட்டுரையில் அவளுடையது என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதுவும் இல்லை என்று கருவி சொல்லிவிட்டது. ஜெபசெல்வி டீச்சர் முதலில் நம்பவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்போதும் நம்பவில்லை. பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்த் தேர்வின் கட்டுரைப் பகுதி அது. தலைப்பு, இந்த நாட்டில் பள்ளிக்கூடம் போகிற ஒவ்வொரு பிள்ளையும் ஒருமுறையாவது எழுதித் தீரவேண்டிய அதே தலைப்பு: 'என் வாழ்வில் மறக்க முடியாத நாள்'. திரை முழுக்கச் சிவப்பு. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொஞ்சம் பச்சை. கீழே ஒற்றைச் சொல்லில் தீர்ப்பு: இரவல்.

அந்த ஒரு சொல் சான்றிதழில் ஏறிவிட்டால் எந்தக் கல்லூரியும் உள்ளே விடாது. செவ்வந்திக்குத் தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் இடம் தயாராக இருந்தது, விடுதியும் சேர்த்து. அவள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போகப்போகிற முதல் ஆள் அவள். கோவில்பட்டி முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் இவளைப்போலத் தமிழ் எழுத ஆள் கிடையாது என்று ஆசிரியர் அறையில் அடித்துச் சொன்னவர் ஜெபசெல்வி டீச்சர்தான். இப்போது அதே அறையில் அவரைப் பார்க்கிற பார்வை வேறாக இருந்தது. நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள் என்று யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பார்.

செவி வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. ஒன்றாம் வகுப்பில் சேரும்போதே பிள்ளையின் காதுக்குப் பின்னால் உளுந்தம்பருப்பு அளவில் ஒரு பொத்தானை ஒட்டிவிடுவார்கள். அன்றிலிருந்து அந்தப் பிள்ளையின் காதில் விழுவதெல்லாம் அதில் ஏறும். டீச்சர் சொல்வது, பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர் சொல்வது, வீட்டில் நடக்கிற சண்டை, எல்லாம். பள்ளியில் படிக்கிற புத்தகமும் அதிலேயே போய்ச் சேரும். தேர்வில் பிள்ளை ஒரு வரி எழுதினால், இதை யார் வாயிலிருந்து கேட்டது என்று, தேர்வு முடிகிறவரை கருவி தேடிக்கொண்டே இருக்கும். கேட்டிருந்தால் சிவப்பு, பக்கத்தில் மூலம் இன்னார் என்று பெயர். கேட்டிராவிட்டால் பச்சை. பசிக்கிறது, மழை வந்தது மாதிரி ஊருக்கே பொதுவான வரிகளை அது கண்டுகொள்ளாது. அதேபோல, பிள்ளையின் சொந்தக் குரலும் செவியில் ஏறாது. யாரும் தன்னிடமே இரவல் வாங்க முடியாது அல்லவா, அதனால் அப்படி வைத்தார்களாம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. எரிச்சலே அதில்தான், கேட்கிறபோது எல்லாமே நியாயமாக இருந்தது.

வசதி உள்ளவர்கள் சீக்கிரமே வழி கண்டுபிடித்தார்கள். காதில் விழுந்தால்தானே இரவல், விழாமலே பார்த்துக்கொண்டால் போயிற்று. நெடுஞ்சாலை ஓரமெல்லாம் அமைதி விடுதிகள் முளைத்தன. அங்கே சாப்பிட வா என்பதற்கு ஒரு விளக்கு, தூங்கு என்பதற்கு ஒரு விளக்கு. வீட்டில் அம்மாக்கள் தாலாட்டை நிறுத்தினார்கள். அப்பாக்கள் கையைக் காட்டிப் பேசினார்கள். அப்படி வளர்ந்த பையன் ஒருவன் இதே தலைப்பில் இதே தேர்வில் எழுதியிருந்தான்: 'அன்று என் மகிழ்ச்சி செவ்வகமாக இருந்தது. மாமா ஈரமான முக்கோணத்தைப்போல வந்தார்.' வரிக்கு வரி பச்சை. மாவட்டத்திலேயே அவன்தான் முதல். அந்தக் கட்டுரையைப் படித்தபோது டீச்சருக்கு அந்தப் பையன்மேல் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. கோபமெல்லாம் அதற்கு மதிப்பெண் போட்டவர்கள்மேல்தான். ஆனால் போட்டது கருவி. கருவியிடம் எப்படிச் சண்டை பிடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

செவ்வந்தி வளர்ந்த இடமோ அமைதி என்றால் என்னவென்று கேட்கிற இடம். அவள் அப்பா கருத்தப்பாண்டி ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவிப்புச் செய்கிறவர். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கண் சிகிச்சை முகாம், காணாமல் போன ஆடு, எல்லாவற்றுக்கும் மேலாக ஊரில் விழுகிற சாவு. யார் செத்தாலும் கருத்தப்பாண்டியின் ஆட்டோ தெருத்தெருவாக வந்து சொன்னால்தான் அந்தச் சாவு ஊருக்கு உறுதியாகும். அவள் பிறந்ததிலிருந்து அந்த ஆட்டோவுக்குள்தான் வளர்ந்தாள்.

பள்ளி விட்டதும் டீச்சர் நேராகப் பேருந்து நிலையத்துப் பின்பக்கம் போனார். ஆட்டோ வேப்பமர நிழலில் நின்றது. கருத்தப்பாண்டி முன்சீட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். செவ்வந்தி பின்சீட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

"வாங்க டீச்சர்," என்று எழுந்தார் கருத்தப்பாண்டி. "எல்லாம் என்னாலதான்னு சொல்லுதாங்க. இவள ஒண்ணாப்புல சேக்கும்போதே ஒரு அம்மா வந்து, பிள்ளை முன்னால கம்மியாப் பேசுங்கன்னு சொல்லிட்டுப் போச்சு. நான் பேசாம இருந்தா சோத்துக்கு எங்க போக? என் பொழப்பே வாயிலதான இருக்கு."

"உங்கள யாரு குத்தம் சொன்னா," என்றார் டீச்சர். சொன்னாரே தவிர, வருகிற வழியெல்லாம் அவரைத்தான் மனதுக்குள் திட்டிக்கொண்டு வந்திருந்தார். அறிவிப்பில் கேட்டதையெல்லாம் அப்படியே எழுதித் தொலைத்திருக்கிறாள் பிள்ளை என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

கையிலிருந்த பலகையில் கட்டுரையைத் திறந்து செவ்வந்தியிடம் நீட்டினார். அம்மா இறந்த நாளைப் பற்றி எழுதியிருந்தாள். ஊருக்கெல்லாம் சாவு சொல்கிற அப்பா அன்றைக்கு ஒலிபெருக்கியைக் கையில் பிடித்தபடி வாய் வராமல் நின்றதைப் பற்றி. சிவப்பு வரிகளில் பாதிக்குமேல் 'மூலம்: தந்தை' என்று இருந்தது. அது டீச்சருக்கு ஆச்சரியமில்லை. மீதிச் சிவப்பில் பெரும்பாலானவற்றுக்குப் பக்கத்தில் இருந்த பெயர்தான் அவரைத் தூக்கிவாரிப் போட்டது. 'மூலம்: ஜெபசெல்வி, ஆசிரியர்.'

"இங்க பாரு. 'வறுமை வந்தால் வீட்டில் முதலில் நிற்பது விருந்தாளி வருவது.' இத நான் எப்ப சொன்னேன்? எனக்கு இப்படியெல்லாம் சொல்ல வருமா? கருவிக்கு என்னமோ கோளாறு."

செவ்வந்தி தலையைத் தூக்கவில்லை. "கோளாறெல்லாம் இல்ல டீச்சர். நீங்க சொன்னதுதான். நான் சொன்னப்புறம் சொன்னீங்க."

டீச்சருக்கு ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு எல்லாம் வரிசையாக ஓடியது.

அவர் பாடம் நடத்துகிற விதம் அப்படி. அவர் மட்டுமில்லை, அவருக்குப் பாடம் நடத்தியவர்களும் அப்படித்தான் நடத்தினார்கள். வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திப் புருவத்தைத் தூக்குவார், மீதியை வகுப்பு கோரஸாகச் சொல்லும். உயிரெழுத்து மொத்தம் பன்னி... ரெண்டு! நீர் நூறு டிகிரியில் கொதி... க்கும்! தூங்குகிற பிள்ளையும் அந்தப் பாதி வாக்கியத்தைக் கேட்டால் தூக்கத்திலேயே முடித்துவைக்கும். அன்றைக்கும் அப்படித்தான், வறுமை வந்தால் வீட்டில் முதலில் நிற்பது என்று நிறுத்தினார். வகுப்பு அடுப்பு என்றது. பின் பெஞ்சிலிருந்து இவள் மட்டும், விருந்தாளி வர்றது டீச்சர் என்றாள். அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. உடனே செய்தார், எல்லா டீச்சர்களும் செய்வதை. நல்ல பதில் வந்தால் கடைசி பெஞ்சுவரைக்கும் கேட்கிறமாதிரி அதை உரக்கத் திருப்பிச் சொல்வது. வறுமை வந்தா வீட்ல முதல்ல நிக்கிறது விருந்தாளி வர்றது, எழுதிக்கோங்க எல்லாரும்.

இவள் குரல் இவள் செவியில் ஏறவில்லை. டீச்சரின் குரல் ஏறிவிட்டது. இரண்டு வருடமாக இவள் சொன்ன நல்ல வாக்கியம் ஒவ்வொன்றையும் உரக்கத் திருப்பிச் சொல்லிச் சொல்லி, ஒவ்வொன்றையும் இவளிடமிருந்து பிடுங்கித் தன் பெயரில் எழுதிக்கொண்டிருக்கிறார். பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு.

"அப்படின்னா எம் பேருல கெடக்கதும் அதே கததான்," என்றார் கருத்தப்பாண்டி மெதுவாக.

"என்ன சொல்றீங்க?"

"அவ அம்மா போன அன்னைக்கு எனக்கு வாயே வரல டீச்சர். மைக்கப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன், அன்னார்னு கூடச் சொல்ல முடியல. இவ அப்ப ஏழாப்பு. ஒரு தாள்ல கிறுக்கிக் கொண்டாந்து கையில குடுத்தா. 'கருத்தப்பாண்டியின் மனைவி மாரித்தாய் இன்று காலை முதல் யாரையும் சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டார்.' அதத்தான் வாசிச்சேன். பஜாரே கடையச் சாத்திட்டு வந்துட்டு. அன்னையில இருந்து ஊர்ல எந்தச் சாவுனாலும் இவதான் எழுதுவா, நான் வாசிப்பேன். எல்லாத்துக்கும் ஒரே அன்னாரப் போட்டா அந்தச் சாவுக்கு என்ன மரியாதன்னு கேப்பா."

ஊரே மெச்சிய கருத்தப்பாண்டியின் அறிவிப்புகள் டீச்சருக்கும் நினைவுக்கு வந்தன. தன் அண்ணன் இறந்தபோது அந்த ஆட்டோ சொன்னதைக் கேட்டு அவரே தெருவில் நின்று அழுதிருக்கிறார். வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு அவருக்கு யாரையாவது ஓங்கி அறையவேண்டும் போலிருந்தது. ஆனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் முதலில் தன் கன்னம்தான் இருந்தது.

விசாரணை மாவட்ட அலுவலகத்தில், முற்பகலில் நடந்தது. மூலத் தணிக்கை அலுவலர் பெயர் இளம்பரிதி. நாற்பது வயது இருக்காது. மொட்டையடித்த தலையில் முடி முள்முள்ளாக முளைத்திருந்தது. திருச்செந்தூர் போய்வந்திருப்பார் என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். சர்ச்சுக்குப் போகிறவருக்கு மொட்டை என்றால் அதுதான் தெரியும். இளம்பரிதி மரியாதையானவர். மூன்று பேரையும் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார், குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார்.

"நீங்க சொல்றது புரியுது டீச்சர். ஆனா இவ வாய்ல இருந்துதான் முதல்ல வந்துச்சுங்கறதுக்கு என்ன ஆதாரம்?"

"நான் இருக்கேன்ல சார். என் காதால கேட்டேன்."

"மனுஷங்க சாட்சி இதுல செல்லாது. மனுஷங்க மறப்பாங்க, பாசத்துல மாத்திச் சொல்வாங்க. அதனாலதான் கருவியே வந்துச்சு."

"வகுப்புல மத்த பிள்ளைங்க இருந்துச்சுங்க. அதுங்க செவியில இவ குரல் ஏறியிருக்கும். திறந்து பாருங்க."

"பெத்தவங்க சம்மதிக்கணும். தன் வீட்ல என்ன பேசிக்கிறாங்கன்னு திறந்து காட்ட யாரு சம்மதிப்பா? நீங்களே கேட்டுப் பார்த்திருப்பீங்களே."

கேட்டுப் பார்த்திருந்தார். ஒரு வீட்டில் டீச்சரைப் பார்த்ததும் பிள்ளையின் காதைப் பொத்தி உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள். இன்னொரு வீட்டில் கைச்சாடையிலேயே போகச் சொல்லிவிட்டார்கள்.

"உங்களுக்கு ஒரு செவி இருந்திருந்தா அதையே திறந்திருக்கலாம்," என்றார் இளம்பரிதி. "ஆசிரியர்களும் மாட்டணும்னுதான் அரசாங்கம் சொல்லுச்சு. நீங்கல்லாம் போராடி வேண்டாம்னுட்டீங்க."

அந்தப் போராட்டத்தில் பதாகையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு போனவர் ஜெபசெல்வி டீச்சர். அதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

"ஒரே ஒரு வழி இருக்கு," என்று திரையை அவர்கள் பக்கம் திருப்பினார் இளம்பரிதி. "மூலம்னு யார் பேரு வந்திருக்கோ, அவங்க இந்தக் கருவி முன்னால தன் வாயால, இந்த வரி என்னோடது இல்ல, இன்னாரோடதுன்னு சொல்லலாம். சொன்னா விட்டுரும். ஆனா அதையே எல்லா அப்பா அம்மாவும் செய்ய ஆரம்பிச்சுட்டா என்ன ஆகும்? அதனால கூடவே பிள்ளை எனக்கு முன்னால உட்கார்ந்து புதுசா ஒண்ணு எழுதிக் காட்டணும். அது சொந்தம்னு கருவி சொன்னாத்தான் நீங்க சொன்னது செல்லும். ஒரு பிள்ளைக்கு ஒரு தடவைதான்."

டீச்சர் தன் பெயரில் இருந்த வரிகளை ஒவ்வொன்றாக வாசித்து, இது செவ்வந்தியோடது, இது செவ்வந்தியோடது என்று சொன்னார். சொல்லச்சொல்ல இவ்வளவா எடுத்திருக்கிறோம் என்று இருந்தது. கருத்தப்பாண்டி தன் முறை வந்ததும் பழக்க தோஷத்தில் கையை வாய்க்கு முன்னால் குவித்துக்கொண்டு தெருவுக்குச் சொல்கிற குரலில் ஆரம்பித்தார். பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு செவ்வந்தியின் முன்னால் பலகையை வைத்தார்கள்.

"எதைப் பத்தி சார்?"

"எதையாவது எழுதும்மா. உன் இஷ்டம்."

அவள் பேனாவை எடுத்தாள், வைத்தாள். இளம்பரிதியின் தலையைப் பார்த்தாள். "உங்க வீட்ல யாரு சார் போனது?"

டீச்சருக்குத் திக்கென்றது. இந்த நேரத்தில் இது என்ன கேள்வி, காரியத்தைக் கெடுத்துவிடும் போலிருக்கிறதே இந்தப் பிள்ளை என்று அவள் முழங்கையை இடித்தார். சாவு வீட்டுச் சமாச்சாரத்திலேயே வளர்ந்த பெண்ணுக்கு மொட்டைத் தலையில் வேறென்ன தெரியும் என்பது அப்புறம்தான் உறைத்தது.

"எங்கம்மா," என்றார் இளம்பரிதி. "இன்னும் பதினாறு கூட முடியல."

"அவங்களுக்கு எழுதட்டுமா? எனக்கு யாராச்சும் போனாத்தான் சார் எழுத வரும்."

அவர் மறுக்கப்போகிறார் என்று டீச்சர் நினைத்தார். அவர் சரியென்று தலையை ஆட்டினார்.

"அவங்க செஞ்சதுல உங்களுக்கு எரிச்சலா இருந்தது எது?"

"எரிச்சலா? நல்லதைக் கேக்கலையா?"

"நல்லதக் கேட்டா எல்லாரும் ஒண்ணுபோலத்தான் சார் சொல்லுவாங்க."

இளம்பரிதி மேசைமேல் கிடந்த செல்போனைத் தள்ளி வைத்தார். "போன்," என்றார். "சரியா நான் மீட்டிங்ல இருக்கப்பதான் பண்ணுவாங்க. எத்தனையோ தடவை சொல்லிட்டேன், அந்த நேரம் பண்ணாதீங்கன்னு. நான் எடுக்கவே மாட்டேன். சாயங்காலம் கூப்பிட்டு என்னம்மான்னு கேட்டா, ஒண்ணுமில்லப்பா, சும்மாதான்னு வச்சிருவாங்க. தினமும் இதே ரோதனை."

செவ்வந்தி குனிந்து எழுதினாள். அடித்துத் திருத்தவில்லை. எழுத எழுத வரிகள் திரையில் வந்தன:

'இவர் தினமும் மகன் வேலையில் இருக்கும்போது போன் செய்வார். மகன் எடுக்க மாட்டார் என்று தெரிந்துதான் செய்வார். மணி போகிறது, அப்படியென்றால் பிள்ளை எங்கோ நன்றாக இருக்கிறான் என்று வைத்துவிடுவார். இனி மகன் எத்தனை முறை வேண்டுமானாலும் அந்த எண்ணுக்குப் போன் செய்யலாம். மணி மட்டும் போகும்.'

எல்லாம் பச்சை. ஒரு சொல் விடாமல் பச்சை. டீச்சர் கருத்தப்பாண்டியின் கையைப் பிடித்தே விட்டார்.

இளம்பரிதி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது. இரண்டாவது வரிக்கு வந்ததும் நின்றார். பிறகு முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார், இந்தமுறை வாய்விட்டு. தானாக வந்த குரல் அது, யாருக்காகவும் வாசிக்கவில்லை. நிறுத்தச் சொல்ல டீச்சருக்கு வாய் வரவில்லை. தாயைப் பறிகொடுத்து வாசித்துக்கொண்டிருக்கிறவரை எப்படி நிறுத்துவது. கடைசி வரியில் அவர் குரல் உடைந்தது. உடைந்த குரலும் எதிரே உட்கார்ந்திருந்த செவ்வந்தியின் செவியில் ஒழுங்காக ஏறியது.

திரையில் முதல் வரி சிவந்தது. பிறகு இரண்டாவது. ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் சிவந்து, பக்கத்தில் வந்து நின்றது: 'மூலம்: இளம்பரிதி, அலுவலர்.'

டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"பார்த்தீங்கல்ல சார்?" என்றார் டீச்சர். "இதத்தான நான் அப்பவே இருந்து சொல்றேன். உங்க கண்ணு முன்னாலயே நடந்துச்சுல்ல."

"பார்த்தேன்."

"அப்ப எழுதுங்க, பார்த்தேன்னு."

"நான் பார்த்ததை எழுத இதுல இடமே இல்ல டீச்சர்." கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பரீட்சை எழுதியாச்சு. இரவல்னு முடிஞ்சுபோச்சு. இனி நான் என் வாயால இது என்னோடது இல்லன்னு சொன்னாத்தான் மாறும்."

"சொல்லிருங்க. ஒரு வார்த்தைதான."

"சொல்றேன். இன்னைக்கு வேணாம். எனக்கு ஒருமாதிரியா இருக்கு. நாளைக்குச் சொல்லிப் போட்டுர்றேன்."

அந்த நாளை வரவில்லை. டீச்சர் தினமும் இடைவேளையில் அவருக்குப் போன் செய்தார். மணி போனது, அவர் எடுக்கவில்லை. அலுவலகத்தில் கேட்டால் லீவு என்றார்கள், கூட்டம் என்றார்கள். வகுப்பில் பாதி வாக்கியத்தில் நிறுத்தவே டீச்சருக்குப் பயமாகிவிட்டது. நிறுத்தினால் யாராவது நன்றாகச் சொல்லிவிடுவார்கள், சொன்னால் தன் வாய் சும்மா இருக்காது. வாக்கியங்களைத் தானே முழுசாகச் சொல்லி முடித்தார். வகுப்பு தூங்கி வழிந்தது. அங்கே கருத்தப்பாண்டியும் மகளிடம் தாள் வாங்குவதை நிறுத்திவிட்டு, யார் செத்தாலும் அன்னார் அன்னார் என்றே சொல்லிக்கொண்டு போனார். எங்கப்பாவுக்கு மட்டும் இப்படி மொட்டையாச் சொல்லிட்டியேன்னு ஒரு பலசரக்குக் கடைக்காரர் சண்டைக்கே வந்துவிட்டாராம்.

சேர்க்கைக்குக் கடைசி நாளும் வந்துவிட்டது. அன்று காலை டீச்சர் சொல்லாமல் கொள்ளாமல் இளம்பரிதியின் அறைக்குள் போய் நின்றார்.

மேசைமேல் சட்டம் போட்ட படம் ஒன்று புதிதாக இருந்தது. மூக்குத்தி போட்ட ஒரு அம்மாள், சிரிக்கலாமா வேண்டாமா என்கிற முகத்தோடு. படத்துக்குக் கீழே அழகான எழுத்தில் அந்த வரிகள். அவற்றுக்கும் கீழே: 'மகன் இளம்பரிதி'.

டீச்சர் அதைப் படித்ததை அவர் பார்த்துவிட்டார். "உட்காருங்க," என்றார்.

"உட்கார நேரமில்ல சார். சாயங்காலத்துக்குள்ள அந்தப் பிள்ளை சான்றிதழோட தூத்துக்குடியில நிக்கணும். அது உங்க கையில இருக்கு."

"தெரியும்."

"தெரிஞ்சுமா போன எடுக்கல?"

இளம்பரிதி படத்தை நேராக்கி வைத்தார். அது முன்பே நேராகத்தான் இருந்தது. "பதினாறு அன்னைக்கு இதை வாசிச்சேன் டீச்சர். எங்கக்கா வந்திருந்தா. சொத்துத் தகராறு, என்கிட்ட பேசியே பல வருஷம். இதைக் கேட்டதும் ஓடி வந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதா. அம்மாவை நீதான்டா புரிஞ்சு வச்சிருந்தேன்னா. இன்னைக்குக் காலைல கூடப் போன் பண்ணா." வாசலைப் பார்த்துக்கொண்டார். "நான் சொன்னேன்னா அது பதிவேட்டுல ஏறும். பதிவேடு யார் வேணா பார்க்கலாம். எங்கம்மாவைப் பத்தி எனக்கு ஒரு வரி சொல்லத் தெரியல, அதுவும் கூலிக்குச் சாவு சொல்ற வீட்டுப் பொண்ணுகிட்ட வாங்கினேன்னு ஆயிரும்."

"கூலியா? அவ உங்ககிட்ட ஏதாவது கேட்டாளா?"

அவர் படத்தின் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்தார்.

டீச்சருக்கு ஆத்திரம் வந்தது. கத்தலாம், மேலதிகாரியிடம் போவேன் என்று மிரட்டலாம். மேலதிகாரி என்ன செய்வார், கருவியைப் பார்ப்பார், கருவி இளம்பரிதியின் பெயரைக் காட்டும். அவர்மேல் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை. பாராட்டுகிறேன் என்று இரண்டு வருடம் தான் செய்ததைத்தான் இவர் துக்கத்தில் ஒரே நாளில் செய்திருக்கிறார். டீச்சரின் கண் மேசை ஓரத்துக்குப் போனது. கருவி விழித்துக்கொண்டுதான் இருந்தது. திரையில் செவ்வந்தியின் பெயரும், கீழே சிவப்பாக அந்த வரிகளும். தினமும் திறந்து பார்த்துவிட்டு, சொல்ல வராமல் மூடுகிறார் போலிருக்கிறது.

டீச்சர் திரும்பிப் போகத்தான் கிளம்பினார். வாசல்வரை போய்விட்டு நின்றார். என்ன நினைத்தாரோ, மேசைக்குத் திரும்பி வந்து, கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறமாதிரி நிமிர்ந்து நின்று, விரலால் திரையைக் காட்டிச் சொன்னார்:

"இந்த வரிகளை எழுதியவர் செவ்..."

நிறுத்திப் புருவத்தைத் தூக்கினார்.

"...வந்தி," என்றார் இளம்பரிதி.

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார். கருவி ஒருமுறை ஒலித்தது. திரையில் எழுத்து வந்தது: 'முழுப்பெயரையும் ஒருவரே சொல்லவும்.'

அவர் நினைத்திருந்தால் அங்கேயே வாயை மூடிக்கொண்டிருக்கலாம். டீச்சராலும் இனி உதவ முடியாது. பாதிதான் அவருடையது, மீதி சொல்கிறவருடையது. இளம்பரிதி படத்தைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். பாடம் ஒப்பிக்கிற பிள்ளையைப்போலக் கையைக் கட்டிக்கொண்டார்.

"செவ்வந்தி," என்றார். "இது என்னோடது இல்ல. செவ்வந்தி எழுதினது."

முதல் வரி பச்சையானது. பிறகு மற்ற வரிகள். பிறகு மேலே கட்டுரையில் டீச்சர் பெயரில் கிடந்தவை, கருத்தப்பாண்டி பெயரில் கிடந்தவை, எல்லாம். மூலையில் சான்றிதழ் அச்சாகிற சத்தம் கேட்டது. ஜெபசெல்வி டீச்சர் அதைச் சூடு ஆறுவதற்குள் எடுத்து மடிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"டீச்சர்," என்றார் இளம்பரிதி. படத்தின் அடியில் தன் பெயர் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டிருந்தார். "எங்கக்காகிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

அதற்குப் பாதி வாக்கியம்கூட டீச்சரிடம் இல்லை.